புது இ.ஆர்.பி. வந்தபின் கணக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள சிறு, நடுத்தர ஆலைகளுக்கு இ.ஆர்.பி., அதாவது கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, பில், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் சாஃப்ட்வேர், போட்டுக்கொடுப்பது என் தொழில். ஒரு நாள் மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலை, மறுநாள் குலசேகரத்தில் ரப்பர் பால் எடுக்கும் இடம், அப்புறம் மீன்வலைக் கம்பெனி, கயிறு ஆலை என்று போகும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதம் வரும் போன் எல்லா இடத்திலிருந்தும் ஒரே மாதிரிதான். "சார், ஸ்டாக் மைனஸ் காட்டுது." "சார், லாரி நிக்குது, பில் வரமாட்டேங்குது."

இந்தப் போன்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு சாஃப்ட்வேரில் இருப்பதில்லை. யாரோ ஒருவர் வருடக்கணக்காக ஒரு நோட்டில் எழுதிவந்த வேலை, புது முறையில் யார் கையிலும் இல்லாமல் விடுபட்டிருக்கும். அப்படி ஒரு நோட்டு இருந்ததே முதலாளிக்குத் தெரிந்திருக்காது. அதனால் கீழே எந்த அறிகுறி உங்களுடையதாக இருந்தாலும், செட்டிங்ஸைத் திறக்குமுன் சரக்கு இருக்கும் இடத்துக்குப் போங்கள். இதை எழுதுவது யார், எந்த நேரத்தில் எழுதுகிறார், எதைப் பார்த்து எழுதுகிறார் என்று கேளுங்கள்.

இன்னொன்று. காரணம் தெரியும்வரை அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போட்டுக் கணக்கைச் சமன் செய்யாதீர்கள். எண் சரியாகிவிடும், தடயம் போய்விடும். அடுத்த மாதம் அதே ஓட்டை வழியாக அதே அளவு ஒழுகும்.

ஸ்டாக் மைனஸில் நிற்கிறது

மைனஸில் உள்ள பொருள்களின் பட்டியலை எடுத்து, அதில் பெரிய தொகையாக இருக்கும் ஐந்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றின் லெட்ஜரிலும் இரண்டு தேதிகள் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆவணத்தில் உள்ள தேதி ஒன்று, என்ட்ரி போட்ட தேதியும் நேரமும் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

வியாழக்கிழமை சரக்கு இறங்கியிருக்கும். வரவு என்ட்ரி சனிக்கிழமை போட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், சப்ளையரின் பில் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது என்பார்கள். இதற்கிடையில் வெள்ளிக்கிழமையே சரக்கு உற்பத்திக்குப் போய்விட்டது. இங்கே சரிசெய்ய வேண்டியது வேலையின் வரிசை. சரக்கு வரவும் பில் வரவும் தனித்தனி வேலைகள். கேட்டில் எடைச்சீட்டு கிடைத்ததும் சரக்கு வரவைப் போட்டுவிட வேண்டும், பில் என்றைக்கு வந்தாலும் பின்னால் இணைத்துக்கொள்ளலாம். அநேகமாக எல்லா இ.ஆர்.பி.யிலும் இதற்கு இரண்டு தனித் திரைகள் உண்டு. பழைய முறையில் பில் வந்த பிறகே எழுதிப் பழகியவர்கள் முதல் திரையைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

தேதிகள் சரியாக இருந்தும் மைனஸ் வந்தால் அலகைப் பாருங்கள். முந்திரிக் கொட்டை மூட்டையில் வரும். ஒரு மூட்டை 80 கிலோ என்பது வியாபாரப் பேச்சு. எடைப்பாலத்தில் ஏற்றினால் 100 மூட்டை 7,850 கிலோதான் வரும். வரவை எடைச்சீட்டுப்படி 7,850 கிலோ என்று கேட்டில் போட்டுவிட்டு, ஆலைக்குள் 100 மூட்டை கொடுத்ததாக ஸ்டோரில் எழுதினால், சாஃப்ட்வேர் ஒவ்வொரு மூட்டைக்கும் 80 கிலோ கழித்து 8,000 கிலோ போனதாக எடுத்துக்கொள்ளும். 150 கிலோ மைனஸ். யாரும் திருடவில்லை, யாரும் தப்பாகவும் எழுதவில்லை. மூட்டைக்கு இத்தனை கிலோ என்று நிரந்தரமாகப் பூட்டிவைத்ததுதான் பிழை. மூட்டை எண்ணிக்கையும் எடையும் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகட்டும். ஸ்டாக் கிலோவில் மட்டும் நடக்கட்டும்.

கடைசியாகக் குடோன். இரண்டு குடோன் உள்ள இடங்களில் ஒன்றில் மைனஸ் காட்டினால் மற்றொன்றில் அதே அளவு மிச்சம் நிற்கிறதா பாருங்கள். நின்றால், இடம் மாற்றிய என்ட்ரி விடுபட்டிருக்கிறது. இதில் ஆராய ஒன்றும் இல்லை.

மைனஸ் போகவிடாமல் தடுக்கும் செட்டிங்கை உடனே போட்டுவிடச் சொல்லிப் பல முதலாளிகள் கேட்பார்கள். முதல் இரண்டு மாதம் எச்சரிக்கை மட்டும் வைத்திருங்கள் என்பதே என் கருத்து. வேலை வரிசை சரியாகுமுன் தடுத்தால், லாரியை அனுப்பியாக வேண்டிய அவசரத்தில் ஆட்கள் இல்லாத சரக்கை வந்ததாக எழுதிவிடுவார்கள். மைனஸைக் கண்டுபிடிக்கலாம், பொய்யான வரவைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

உற்பத்தி விளைச்சல் சதவீதம் நம்ப முடியாதபடி இருக்கிறது

இதை முந்திரியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு அதிகம் கற்றுக்கிடைத்தது. எங்கள் ஊரில் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கொட்டையை வேகவைத்து, உடைத்து, போர்மா என்னும் சூட்டறையில் காயவைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து டின்னில் அடைக்க மூன்று நான்கு நாளாவது ஆகும். நூறு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பருப்பு கிடைக்கும். கொட்டையின் தரத்துக்கு ஏற்பக் கூடும், குறையும்.

சாஃப்ட்வேரில் ஒரு நாள் 37.5 சதவீதம் காட்டும், இன்னொரு நாள் 17 காட்டும். முதலாளி பதறுவார். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். இன்று வேகவைத்தது 20 மூட்டை, 1,600 கிலோ. இன்று தரம் பிரித்து வந்த பருப்பு 600 கிலோ. ஆனால் அந்த 600 கிலோ மூன்று நாள் முன்பு வேகவைத்த 30 மூட்டையின் பருப்பு. இன்றைய கொட்டையையும் அன்றைய கொட்டையின் பருப்பையும் ஒரே நாளின் கணக்கில் வகுத்தால் எண் இப்படித்தான் வரும்.

தீர்வு, லாட் எண். வேகவைக்கும்போது கொடுக்கும் எண் டின் அடைக்கும் வரை கூடவே போக வேண்டும். கூடையில் ஒரு தகர வில்லை, அதில் பெயிண்டால் எழுதிய எண், அது போதும். பார்கோடு அப்புறம் வரட்டும். ஈரம் படும் இடத்தில் ஸ்டிக்கர் நிற்காது.

எங்கெங்கே எடை போடுவது என்பது அடுத்த கேள்வி. எல்லாக் கட்டத்திலும் எடை போடச் சொன்னால் யாரும் போடமாட்டார்கள். மூன்று இடம் போதும்: உடைப்பு முடிந்ததும், தோல் உரித்ததும், தரம் பிரித்ததும். உடைப்புக்கும் உரிப்புக்கும் நடுவில் போர்மாவில் ஈரம் போய் எடை குறையும், அப்புறம் தோலும் போகும். அந்தக் குறைவு எந்த அளவுக்குள் இருக்கும் என்பது ஒரு மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு அளவு மீறும் நாள் தனியாகத் தெரியும்.

இந்த எடைகளைப் புதிதாக எழுத ஓர் ஆள் வேண்டாம். கூலி நோட்டில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. உடைப்பவர்களுக்கும் உரிப்பவர்களுக்கும் கிலோ கணக்கில் கூலி. அந்த நோட்டில் எழுதும் எடையை உழைத்த பெண்மணியே நின்று பார்க்கிறார். பத்து கிராம் குறைந்தாலும் கேட்டுவிடுவார். ஆலையில் உள்ள எண்களில் இருவர் சரிபார்க்கும் எண் அது ஒன்றுதான். நான் போன பல ஆலைகளில் உற்பத்தி என்ட்ரியைச் சூப்பர்வைசர் மாலையில் ஒரு குத்துமதிப்பாகப் போடுவார், கூலி என்ட்ரியை இன்னொருவர் நோட்டைப் பார்த்துப் போடுவார், இரண்டும் ஒட்டாது. உற்பத்தித் திரையை எடுத்துவிட்டு, கூலி எடையிலிருந்தே உற்பத்தி பதிவாகும்படி மாற்றினோம். ஒரு வேலை குறைந்தது, எண் உண்மையானது.

பருப்பின் தரம் வாரியான அடக்க விலையில் கவனம் வேண்டும். டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு, டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. பெரிய பருப்புக்கு விலை அதிகம், உடைசலுக்குக் குறைவு. எல்லாமே ஒரே கொட்டையிலிருந்து வந்தவை. சாஃப்ட்வேர் எடைப்படி செலவைப் பங்கிட்டால் உடைசல் விற்கும்போதெல்லாம் நஷ்டம் காட்டும், டபிள்யூ 240-இல் கொள்ளை லாபம் காட்டும். விற்பனை மதிப்புப்படி பங்கிடச் சொல்லுங்கள். எண்ணெய் எடுக்கப் போகும் கொட்டை ஓடுகளையும் உப பொருளாகச் சேர்த்துவிடுங்கள். ஓடு விற்ற பணம் தனியாக வந்துகொண்டிருந்தால் உங்கள் அடக்க விலை எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

சரக்கு வந்துவிட்டது, விலை மட்டும் தெரியவில்லை

ரப்பர் பால் வாங்குபவர்களின் தொல்லை இது. விலை பாலின் எடைக்குக் கிடையாது, அதில் உள்ள உலர் ரப்பரின் எடைக்குத்தான். 100 கிலோ பாலில் டி.ஆர்.சி., அதாவது உலர் ரப்பரின் பங்கு, 35 சதவீதம் என்றால் 35 கிலோவுக்குப் பணம். அந்தச் சதவீதம் ஆய்வில் தெரிய நேரமாகும். மழை பிடித்தால் சதவீதம் இறங்கும். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வரவு போடும் திரையில் ஒரே ஒரு அளவுக் கட்டம் இருந்தால், ஒருவர் ஈர எடையைப் போடுவார், இன்னொருவர் மனக்கணக்காக உலர் எடையைப் போடுவார். பின்னால் எது எது என்று பிரிக்கவே முடியாது.

ஈர எடை, டி.ஆர்.சி., உலர் எடை என்று மூன்று கட்டங்கள் வையுங்கள். மூன்றாவது தானாகக் கணக்கிடப்பட வேண்டும். யாரும் கைவைக்கக் கூடாது. ஆய்வு வரும்வரை வரவு தற்காலிக விலையில் நிற்கட்டும். பால் கொண்டுவந்தவருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது அந்த வரவோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணையாத முன்பணம்தான் வருடக் கடைசியில் தலைவலியாக வந்து நிற்கும்.

ஒரே ஆள் மூன்று பெயரில் இருக்கிறார்

தக்கலையை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்கள் சப்ளையர் பட்டியலில் தேடிப் பாருங்கள். குழித்துறை, ஈத்தாமொழி எல்லாம் அப்படித்தான். இனிஷியல் முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை. பழைய சாஃப்ட்வேரிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்தால் இந்தக் குப்பையும் கூடவே வரும். ஒருவருக்கு ஒரு பெயரில் பாக்கி, இன்னொரு பெயரில் முன்பணம்.

ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்த 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், நம்முடையது 33, கேரளம் 32. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பத்தை மட்டும் தனியே பிரித்து வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவுகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஜி.எஸ்.டி. இல்லாத விவசாயிகளுக்கு போன் எண்ணை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்களில் ஒரே பெயரில் ஒரே தெருவில் நான்கு பேர் இருப்பது சாதாரணம்.

இதில் வரியும் மாட்டிக்கொள்கிறது. விவசாயியிடமிருந்து உடைக்காத முந்திரிக் கொட்டை வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வாங்குபவரே வரி கட்ட வேண்டும். அதே கொட்டையைப் பதிவு பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் அவர் பில்லிலேயே வரி இருக்கும். சப்ளையர் பதிவில் அவர் எந்த வகை என்பது தப்பாக இருந்தால் வரிக் கணக்கு தப்பு. பெயர்களைச் சுத்தம் செய்யும்போதே இந்த வகையையும் ஆடிட்டருடன் உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள்.

ஐட்டத்தைத் தேடினால் கிடைப்பதில்லை

மீன்வலைக் கம்பெனிகளில் இது அதிகம். கண்ணி அளவு ஆறு, நூல் வகை நான்கு, நிறம் மூன்று, ஆழம் ஐந்து என்றால் 360 ஐட்டம் ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். விற்பனை ஆள் தேடி அலுத்து, கிடைத்த ஏதோ ஒன்றில் பில் போட்டுவிடுவார். ஸ்டாக் கெடுவது இப்படித்தான். ஐட்டம் ஒன்று, அதன் குணங்கள் நான்கு என்று பிரிக்கும் வசதி பெரும்பாலான சாஃப்ட்வேரில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். குளச்சலிலிருந்து போன் செய்யும் மீனவர் எந்த வரிசையில் கேட்கிறாரோ அதே வரிசையில் திரையிலும் கேள்வி வரட்டும்.

லாரி நிற்கிறது, பில் வரவில்லை

பத்துப் பில்லை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் லோடு ஏற்றி முடித்த நேரம், பில் தொடங்கிய நேரம், அனுமதி கிடைத்த நேரம், இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதியும் பில்) எண் வந்த நேரம், இ-வே பில் (சரக்கோடு போகும் மின்சீட்டு) வந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே நேரம் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நான் பார்த்தவரை அதிக நேரம் போவது அனுமதியில்தான். முதலாளி அழுத்தினால்தான் பில் நகரும் என்று வைத்திருப்பார்கள். அவர் எஸ்டேட்டில் இருப்பார், சிக்னல் இருக்காது. பழைய முறையில் மேனேஜரே அனுப்பிவிட்டு மாலையில் சொல்லுவார். அதைச் சாஃப்ட்வேரில் யாரும் எழுதவில்லை. கடன் வரம்புக்குள் இருக்கும் பழைய வாடிக்கையாளருக்கு அனுமதி தேவையே இல்லை என்று மாற்றுங்கள். வரம்பு மீறினால் மேனேஜர், அதற்கும் மேல் போனால் மட்டும் முதலாளி.

நேரம் அரசு போர்ட்டலில் போகிறது என்றால் எர்ரர் என்ன சொல்கிறது என்று முழுசாகப் படியுங்கள். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அங்கே திரும்பி வருபவை பெரும்பாலும் சின்னக் காரணங்கள். வாடிக்கையாளர் களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், மாநில எண் 32, ஆனால் யாரோ பின்கோடில் நம் மாவட்டத்து 629 போட்டிருப்பார்கள். அல்லது பில் எண் 16 எழுத்தைத் தாண்டியிருக்கும். 5 கோடிக்கு மேல் போனவர்கள் எச்.எஸ்.என். குறியீட்டை (சரக்கின் வகையைக் காட்டும் எண்) 6 இலக்கமாகப் போட வேண்டும். பழைய சாஃப்ட்வேரில் நான்குதான் இருந்திருக்கும்.

வருட நடுவில் சாஃப்ட்வேர் மாற்றியவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். புதியதில் பில் எண் மீண்டும் 1-இல் தொடங்கினால், அதே நிதியாண்டில் அந்த எண் ஏற்கெனவே போயிருக்கும். போர்ட்டல் டூப்ளிகேட் என்று தள்ளிவிடும். புது முன்னெழுத்து வைத்துப் புது வரிசை தொடங்குவதே சுலபம்.

இ-வே பில்: மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேல். இரண்டுக்கும் ஒரே வரம்பு போட்டு வைத்திருக்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. தேவையில்லாத பில்லுக்கெல்லாம் லாரி காத்து நிற்கும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. சென்னைக்கு சுமார் 700 கிலோமீட்டர் என்றால் நான்கு நாள். பில்லை மதியமே போட்டுவிட்டு லாரி மறுநாள் கிளம்பும் வழக்கம் இருந்தால் அந்த நேரமும் இதில் கழியும். தப்பான இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு கிரெடிட் நோட்டுதான். அதனால் அன்றைய பில்களை அன்று மாலையே ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதை ஒரு வேலையாகவே ஒதுக்கிவிடுங்கள்.

ஆட்கள் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள்

நோட்டைப் பிடுங்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓர் ஆலையில் விளைச்சல் மூன்று வாரமாகக் கூடுதலாகவே காட்டியது. லாட் சரி, தேதி சரி, கூலி எடையும் சரி. எதுவும் பிடிபடவில்லை. எடை போடும் இடத்தில் மேற்பார்வை பார்த்த அக்காவிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. "அக்கா, கம்ப்யூட்டர்லதான் எல்லாம் போடுறீங்களே, இது எதுக்கு?" என்று கேட்டேன். "சாரே, கூடை வெயிட்டு கழிக்கணும்லா. கம்ப்யூட்டர்ல அதுக்கு எடம் இல்ல. நான் இதுல கழிச்சு எழுதி வச்சிருவேன்" என்றார். கூலி அந்த நோட்டுப்படி சரியாகப் போய்க்கொண்டிருந்தது. உற்பத்திக்குப் போன எண் மட்டும் கூடையோடு சேர்ந்த எடை. ஒரு கூடை 600 கிராம். நாளைக்கு 60 தடவை எடை போட்டால் 36 கிலோ இல்லாத பருப்பு. ஒரே ஒரு கட்டம் சேர்த்தோம், கூடை எடை என்று. அக்கா நோட்டைத் தானே மேசைக்குள் வைத்துவிட்டார்.

ஒவ்வொரு நோட்டிலும் சாஃப்ட்வேர் கேட்க மறந்த ஒரு கேள்வி இருக்கும். ஆகவே முதல் மாதம் எல்லா நோட்டுகளையும் சேகரித்து, அவர்களிடமே கேட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் திரையில் எங்கே இடம் இருக்கிறது என்று குறியுங்கள். இடம் இல்லாத பத்தி யாருக்கும் பயன்படுகிறதா என்று கேளுங்கள். பயன்பட்டால் கட்டம் சேர்க்க வேண்டும். பயன்படாவிட்டால் அதை எழுதியவரிடம் இனி எழுத வேண்டாம் என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக எழுதியவருக்கு அந்த மரியாதை தர வேண்டும்.

திரை ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு காரணம். எடை போடும் இடத்தில் உள்ள திரைக்கு நான்கு தமிழ்ச் சொற்களும் பெரிய எழுத்தும் போதும். அதிலும் ஆலையில் புழங்கும் சொல்லே வரட்டும். அவர்கள் "பீலிங்" என்று சொன்னால் பொத்தானிலும் "பீலிங்" என்றே இருக்கட்டும்.

தொடக்க இருப்பு ஒத்துவரவில்லை

பழையதில் இருந்த பாக்கியை ஒருவருக்கு ஒரே தொகையாகக் கொண்டுவந்திருப்பார்கள். பணம் வரும்போது எந்தப் பில்லுக்கு என்று ஒட்ட முடியாது. பில் வாரியாகக் கொண்டுவர வேண்டும். முன்பணம், தேதி போட்டு வாங்கிவைத்த செக், திரும்பி வராத காலி டின், சாக்கு எல்லாம் இதில் அடக்கம்.

மாறும் தேதியை ஏப்ரல் 1 என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குக்கு அது வசதிதான். ஆனால் அந்த நேரத்தில் ஆடிட்டரும் கணக்குப்பிள்ளையும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். என்னைக் கேட்டால், குடோனில் சரக்கு குறைவாக இருக்கும் நாளே நல்ல நாள், எண்ணுவது சுலபம். ரப்பர் தொழிலில் இலை உதிர்ந்து பால்வெட்டு ஓயும் பிப்ரவரி, மார்ச் அப்படிப்பட்ட காலம்.

பழைய சாஃப்ட்வேரை அழித்துவிடாதீர்கள். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும்; ஜி.எஸ்.டி.க்கு ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். லைசென்ஸ் முடிந்தாலும் திறந்து படிக்க முடிகிறதா என்று ஒருமுறை திறந்தே பாருங்கள்.

பழைய விற்பனையின் கிரெடிட் நோட்டில் வரி மாறி வருகிறது

2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. ஐட்டம் பதிவில் பழைய விகிதத்தின் மேலேயே புதியதை எழுதியிருந்தால், ஆகஸ்டில் விற்ற சரக்கு திரும்பி வரும்போது புது விகிதத்தில் கணக்காகும். முதலில் விற்றபோது இருந்த விகிதமே வர வேண்டும். விகிதம் எந்தத் தேதி முதல் என்று சேர்த்துப் பதியும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை

நான்கு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு. கம்பெனியாகப் பதிவானவர்கள் 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தங்களின் தடம் பதியும் கணக்கு சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தத் தடத்தை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் தடம் இருந்தும் பயனில்லை. ஆளுக்கொரு பெயர் கொடுங்கள். கூடுதல் லைசென்ஸுக்குப் பணம் என்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும்.

நெட் போனால் வேலை நிற்கிறது

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வளவு பெரிதாக வேண்டாம், பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு மழைக்கே சிக்னல் போய்விடும். பால் எடுக்கும் இடங்களுக்கு நெட் இல்லாமல் எழுதி, வந்ததும் அனுப்பும் மொபைல் திரை வேண்டும். அதோடு திரையில் உள்ள அதே வரிசையில் அச்சடித்த ஒரு கட்டுத் தாள். மின்சாரம் வந்ததும் அந்தத் தாளை யார் ஏற்றுவது என்று முன்கூட்டியே பெயர் எழுதி வையுங்கள்.

சாஃப்ட்வேர் கொடுத்த வென்டாருக்கு போன் செய்யுமுன்

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கூப்பிடத்தான் வேண்டும். "ஸ்டாக் தப்பா காட்டுது" என்று சொன்னால் அவர்களும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள். ஆவண எண், என்ட்ரி போட்டவர் பெயர், நேரம், எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், என்ன எண் வந்தது, என்ன எண் வந்திருக்க வேண்டும், அது எந்தச் சீட்டிலிருந்து தெரிகிறது என்று எழுதி, எர்ரர் தெரியும் முழுத் திரையையும் படம் எடுத்து, அந்த எடைச்சீட்டையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். முடிந்தால் அந்த என்ட்ரியைப் போட்டவரையே பேச வையுங்கள். அவர் பேசும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.